ஃபேன் மட்டும் சுற்றுகிறது

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இன்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் குளியல். தண்ணீர் ஒன்றுதான் ஊற்றவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஒயர்களை எல்லாம் பிடுங்கிப் போட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, ஒரு வருஷத்துத் தூசியை வெளியே எடுத்தேன். இரண்டு பல்லி முட்டையும் வந்தது. இது கடையில் மொத்தமாக வாங்கிய பெட்டி இல்லை. ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே கூட்டிச் சேர்த்தது. அதில் பல்லி நம்பிக் குடியேறியிருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கூடத்தில் கோமதி பூஜைக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். தையல் மெஷின், ஆரி ஸ்டாண்டு, கத்தரிக்கோல், அரிவாள்மணை, மிக்ஸி என்று வீட்டில் வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

கோமதி என் சம்சாரம். ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்வதை வீடியோ எடுத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு பின் அறையில் உட்கார்ந்து அவள் கொக்கி ஊசியை ஆட்டினால் சிவகாசியிலும் சிங்கப்பூரிலும் ஆட்டுகிறார்கள். அந்த வீடியோக்களை வெட்டி, ஒட்டி, அவள் இருமுகிற இடங்களை நீக்கி, பின்னால் வீணை போடுவது நான். கம்பெனி வேலையை நான் விட்ட பிறகு (விட்டதுதான், யாரும் நிறுத்தவில்லை, தெளிவாக எழுதிவைக்கிறேன்) டெக்னிக்கல் டிபார்ட்மெண்ட் முழுவதும் என் பொறுப்பு.

திங்கள்கிழமை தீபாவளி வகுப்பு தொடங்குகிறது. இதுவரை இவ்வளவு பேர் சேர்ந்ததில்லை. பழைய கிராபிக்ஸ் கார்டு அதைத் தாங்காது, வீணை போடும்போதே மூச்சு வாங்குகிறது. அதனால் புதுக் கார்டு வாங்கிவிட்டேன். “புதுசு, ஒருநா சாமி முன்னால இருக்கட்டும்” என்று கோமதி வாங்கிக்கொண்டு போய்ப் பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சாமிக்கும் எனக்கும் சண்டை கிடையாது. பேச்சுவார்த்தையும் கிடையாது. வைத்துக்கொள் என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பதினொன்றரைக்குள் நல்ல நேரம் முடிகிறதாம். கோமதி பின்னால் நின்று, “ஆச்சா, ஆச்சா” என்றபடி இருந்தாள். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் முதுகில் இப்படி யாராவது தட்டுவார்களா? ஒயர்களை மாட்டினேன். புதுக் கார்டைப் பொருத்தினேன். தகட்டை மூடினேன். கோமதி போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றாள். சுவிட்சை அமுக்கினேன்.

பெட்டிக்குள் ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். “மெதுவாத்தான் வருமோ?” என்றாள். “புதுசுலா, பழகணும்” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்குத் தெரிந்தது. வீடியோவை நிறுத்திவிட்டு அவள் சாதம் வடிக்கப் போனாள்.

அக்டோபர் 3, வெள்ளி

மெமரி என்கிற ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பல்வரிசையைத் தேய்த்து, திரும்ப மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது. இடம் மாற்றி மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது. ஒன்றை மட்டும் மாட்டினேன். ஃபேனுக்கு என்ன, அது பாட்டுக்குச் சுற்றுகிறது.

கோமதி காப்பி கொண்டுவந்து எட்டிப் பார்த்தாள். “ஏங்க, மேல் மூலையில ஒரு வயரு சும்மா தொங்குதே, அது எதுக்கு?”

“அது எக்ஸ்ட்ரா” என்றேன். பவர் சப்ளை என்று ஒன்று வாங்கினால் அதில் எதற்கும் உதவாத ஒயர் நாலு தொங்கத்தான் செய்யும். கல்யாண வீட்டில் வேலை இல்லாத சித்தப்பாக்கள் நிற்பதைப் போல. இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். இந்த மாதிரி கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பாதி நேரம் போகிறது.

பாகங்கள் வாங்கிய கடைக்காரர் பீட்டருக்குப் போன் செய்தேன். “கொண்டாங்க சார், பாத்துருவோம்” என்றார். ஏன், நான் பார்த்தால் தெரியாதா? அவரிடம் கொடுக்கவா இத்தனை வருஷம் நானே கழற்றி மாட்டினேன்? “நேரம் இருந்தா வாரேன்” என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியைக் கழற்றி வைத்து, மாட்டினேன். மானிட்டர் கேபிளை மாற்றினேன். எதிர்வீட்டு மானிட்டரை இரவல் வாங்கி வைத்தேன். இருட்டு இப்போது எங்கள் வீட்டில் அகலத்திரையில் தெரிகிறது.

கோமதியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. திங்கள்கிழமை வகுப்பு. முதல் பாடத்தைப் போனில் எடுத்துவைத்துவிட்டாள், நான் கம்ப்யூட்டரில் ஏற்றி வெட்டிக் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டர் படுத்துக் கிடக்கிறது. மனுஷிக்குக் கவலை வேண்டாமா? பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். சத்தம் வேறு கேட்கிறது. அவள் குரல்தான். “ஊசிய இப்படிப் பிடிக்கணும்”, “ஊசிய இப்படி”, “ஊசிய”. திரும்பத் திரும்பத் தன் குரலையே போட்டுக் கேட்டு ரசிக்கிறாள். இவ்வளவு நாளாக என்னோடு இருந்தும் இந்தக் குணம் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

புதுக் கார்டை இதுவரை கழற்றவே இல்லை. புதுசு எங்கே தப்புச் செய்யப் போகிறது என்று விட்டிருந்தேன். இன்று கழற்றிப் பார்த்தால், பொருந்துகிற அந்தத் தங்கப் பல்வரிசையின் மேல் காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவே குங்குமம். லட்சணமாக வைத்திருந்தது. கோமதியைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரரும் மானிட்டருக்கு என்னவோ என்று வந்துவிட்டார்.

“எங்க வைக்கன்னு தெரியல” என்றாள் கோமதி. “அந்த இடம் மட்டுந்தான் தங்கமா மின்னுச்சு. அங்கன வச்சேன்.”

நான் பேசியதை முழுவதும் எழுத வேண்டாம். சாமியிலிருந்து ஆரம்பித்து அவள் பிறந்த வீடு வரை போனேன். “மிஷினுக்குப் பொட்டு வச்சு மிஷினையே கொன்னுட்டியேட்டி” என்றேன். அவள் அந்தக் கார்டைக் கையில் வாங்கி, சேலைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்துக் கொடுத்தாள். ஆனாலும் நியாயம் என் பக்கம் இருந்தது.

ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பளிச்சென்று மாட்டினேன்.

ஃபேன் சுற்றுகிறது.

சந்தனம் உள்ளே கார்டு சொருகுகிற இடுக்கு வரை இறங்கியிருக்க வேண்டும். வேறென்ன?

அக்டோபர் 6, திங்கள்

வகுப்பு தொடங்க வேண்டிய நாள். கோமதி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அவளுக்குப் போன் மேல் போன். “ஆமாம்மா”, “சரிம்மா”, “அடுத்தது புதன்கிழமை வரும்மா” என்று ஒவ்வொருத்தியாகச் சமாதானம் செய்கிறாள். எத்தனை பேரிடம் ஏச்சு வாங்குகிறாளோ. ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஃபேன் சுற்றுகிறது.

அக்டோபர் 8, புதன்

பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, பேப்பர் கிளிப்பை வளைத்துச் சொருகிச் சோதித்தேன். நன்றாக இருக்கிறது. ஆக, குற்றவாளி அது இல்லை. ஒவ்வொருவராக நிரபராதி என்று விடுதலை செய்துகொண்டிருக்கிறேன், பிணம் மட்டும் அப்படியே கிடக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்களில் ஆறு மணிக்குத் தானாக முழிப்பு வந்துவிடுகிறது. பல் தேய்க்கும்போதே இன்று எதைக் கழற்றலாம் என்று மனசு கணக்குப் போடுகிறது. பசி எடுக்கிறது. இன்று சவரம்கூடச் செய்தேன். கோமதி உளுந்த வடை சுட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு பேசியவனுக்கு வடை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது, ஆனாலும் ஐந்து தின்றேன்.

அதோடு நிற்கவில்லை. மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். “இது என்ன? அது எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராம் என்றால் என்ன, பிராசஸர் என்றால் என்ன என்று அடுப்பு, அம்மி, கொத்தனார் எல்லாம் வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். டார்ச் பிடிக்கத்தான் தெரியவில்லை. கார்டைக் காட்டு என்றால் வெளிச்சம் மேல் மூலைக்குப் போகிறது. “இங்கன காட்டுட்டி, அங்கன என்ன புதையலா இருக்கு?” என்று ஏசினேன். சரி என்று கீழே இறக்கினாள்.

அக்டோபர் 9, வியாழன்

மச்சினன் சங்கரலிங்கம் வந்தான். கோமதியின் தம்பி. உரம், விதை மொத்த வியாபாரம், டவுனில் குடோன். வந்தவன் திறந்து கிடக்கிற பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அத்தான், எனக்குத் தெரிஞ்ச சர்வீஸ் பையன் ஒருத்தன் இருக்கான். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுதேன். அஞ்சு நிமிஷத்துல பாத்துருவான்” என்றான்.

அந்த ஐந்து நிமிஷம்தான் எனக்கு இறங்கவில்லை.

காப்பி குடித்து முடித்துவிட்டு இன்னொன்றையும் ஆரம்பித்தான். “குடோன்ல சரக்கு வரவு பாக்க ஆளு இல்ல அத்தான். கம்பெனில ஸ்டோர்ஸ்தான பாத்தீய? சும்மா வந்து பாருங்களேன்.” இதை அவன் கேட்பது முதல்முறை இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் எதையாவது சொல்லித் தள்ளிவிடுகிறேன். “இந்த வேலை முடியட்டும்” என்று பெட்டியைக் காட்டினேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது, பிறகு மறுபடியும் கேட்டது.

நான் சொல்வதை யாரும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. சர்வீஸ்காரன் இந்தப் படியேறி, ஐந்து நிமிஷத்தில் இதை எழுப்பிவிட்டுப் போனான் என்றால், நான் இந்த வீட்டில் யார்? மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். சனிக்கிழமைக்குள் நான் இதை எழுப்பியாக வேண்டும். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

கோமதி காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் கழற்றித் தரையில் விரித்த பேப்பரில் வைத்தேன். மதர்போர்டை வெறுமனே கையில் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேல் மூலையில், பிராசஸருக்குப் பக்கத்தில், எட்டு ஓட்டையுள்ள ஒரு சின்னச் சாக்கெட் காலியாக இருந்தது. பிறகு பவர் சப்ளையிலிருந்து எதற்கும் உதவாமல் தொங்கிய அந்த ஒயரின் முனையைப் பார்த்தேன். எட்டு முனை.

பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கிற ஒயர். ஆயுத பூஜைக்குத் தூசி தட்டும்போது பிடுங்கியது நான். நல்ல நேர அவசரத்தில் மாட்ட மறந்ததும் நான். ஒரு வாரத்துக்கு மேலாக மூளைக்குச் சோறு போடாமல் வைத்துக்கொண்டு, கை காலை எல்லாம் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

திரும்பக் கூட்டினேன். மாட்டினேன். அமுக்கினேன். மானிட்டரில் வெளிச்சம் வந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, அதில் வெட்கம் இல்லை. எழுந்து கூடத்தில் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

சுற்றும்போதுதான் சந்தனம் ஞாபகம் வந்தது. சந்தனத்தைத் துடைத்த பிறகும் கம்ப்யூட்டர் எழாமல் கிடந்ததற்கு முழுக் காரணம் நான். துடைக்காமலே விட்டிருந்தாலும் அது எழுந்திருக்காது. கோமதி தன் பொட்டுதான் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் என்ன? யாருக்கு நஷ்டம்? ‘போராடி எழுப்பிவிட்டேன்’ என்று மட்டும் சொன்னால் போதும். டிபார்ட்மெண்ட் தலை நிமிர்ந்து நிற்கும். மச்சினனுக்கும் போன் போட்டுச் சொல்லலாம். அந்த நேரம் பார்த்துக் கோமதி கதவைத் திறந்து, பையைக் கீழே வைத்து, மானிட்டரைப் பார்த்தாள். பையை வைத்த அந்தக் கையைப் பார்த்தேன், சேலைத் தலைப்பால் கார்டைத் துடைத்த கை.

“சந்தனம் இல்லட்டி” என்றேன். “வயரு. நீ கேட்டியே, அந்த வயரு. நான்தான் மாட்ட மறந்துட்டேன்.”

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“செவ்வாக்கிழம போன்ல ஒரு வீடியோ பாத்தேன். ஃபேன் மட்டும் சுத்தி மத்தது வராட்டா அந்த வயரத்தான் மொதல்ல பாக்கணுமாம். வந்து எட்டிப் பாத்தேன். தொங்கிட்டுத்தான் இருந்துச்சு.”

“பாத்துட்டுச் சும்மாவா இருந்த?”

“டார்ச்ச அங்கன காட்டினேம்லா. நீங்க ஏசுனீய.”

“வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? திங்கக்கெழம கிளாஸ் என்னாச்சு? அத்தன பேரு ஏசியிருப்பாளுவ.”

“யாரும் ஏசல. கிளாஸ் திங்கக்கெழமயே போட்டுட்டேன். புதன்கிழமையும் போட்டாச்சு. போன்லயே வெட்டக் கத்துக்கிட்டேன்.”

“ஊசிய, ஊசிய” என்று கதவுக்குப் பின்னால் கேட்ட சத்தத்துக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. வீணை இல்லை. இருமல் ஒன்றை அப்படியே விட்டிருக்கிறாள், அதுகூட நன்றாகத்தான் இருந்தது. ஒரு குறைதான். பாடம் நடக்கும்போது தூரத்தில் ஒரு ஆள் கெட்ட வார்த்தையில் யாரையோ ஏசுவது கேட்கிறது. கீழே ஒருத்தி எழுதியிருக்கிறாள்: ‘பின்னாடி யாருக்கா அது, பாவம், ரொம்ப நேரமா கத்துறாங்க.’ அதற்கு நாற்பது பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

“அப்ப இந்தக் கம்ப்யூட்டரு ஒனக்குத் தேவையே இல்ல” என்றேன்.

அவள் கத்தரிக்காயைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கினாள். ஒவ்வொன்றாக, மெதுவாக.

“வேல போனதுலேர்ந்து நீங்க எட்டு மணிக்கு முன்னால எந்திரிச்சு நான் பாக்கல” என்றாள். “இந்த ஒரு வாரமாத்தான் காலையில முழிக்கீய, பசிக்குதுங்கீய, சத்தம் போடுதீய. சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா அது ஓடிரும். ஓடிட்டா அப்புறம் நீங்க என்ன செய்வீயன்னு இருந்துச்சு.”

வேலை போகவில்லை, நான்தான் விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

சாப்பிடவில்லை. கோபம் என்றுதான் நினைத்துப் படுத்தேன். கோபம் இல்லை. அவமானம். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஒருத்தி என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் அவளை டார்ச் பிடிக்கத் தெரியாதவள் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

ஆறு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டேன். எழுந்தது. அணைத்தேன். மறுபடி போட்டேன். எழுந்தது. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

கோமதி காப்பியோடு போனையும் நீட்டினாள். “மூணாவது பாடம் எடுத்தாச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தி, வழக்கம்போல நீங்களே வெட்டிக் குடுங்க” என்றாள். வழக்கம்போல என்பதை அவ்வளவு பாங்காகச் சொன்னாள். வாங்கிக்கொண்டிருந்தால் மத்தியானம் வரை பொழுது போயிருக்கும். டிபார்ட்மெண்டும் தப்பித்திருக்கும்.

“நீயே வெட்டு” என்றேன். “என்னய விட நல்லாத்தான் வெட்டுத. வீணை மட்டும் போடாத, ஒனக்கு அது தேவையில்ல.”

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் குளிக்கப் போனேன். பீரோவைத் திறந்து, இஸ்திரி போட்டு மடித்தபடியே கிடந்த முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் பொத்தான் கொஞ்சம் இழுத்தது, வடையின் வேலை. பிறகு சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டேன்.

“அத்தான், பையன் கிளம்பிட்டான், பத்து மணிக்கு டாண்ணு வந்துருவான்” என்றான்.

“அவன வர வேண்டாம்னு சொல்லு” என்றேன். “குடோனுக்கு நான் வாரேன்.”